மயிலையின் வாலைப் பிடித்துக்கொண்டு

காலை 6.10
கொள்ளிடக் கரைப் பால்பண்ணை. மாட்டுக் கொட்டகையைக் கவனிக்கும் செயற்கை நுண்ணறிவு எழுதுவது. கறவை முடிந்தது. காரி என்ற பசு நேற்றைவிடக் குறைவாக அசைபோடுகிறாள், காய்ச்சல் இல்லை. மழை விடவில்லை. பராமரிப்பாளர் செங்கமலம் தீவனம் வைக்கிறார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

காலை 7.25
படுத்திருந்த மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டன. இதயத் துடிப்பு கூடியிருக்கிறது. காரணம் தெரியவில்லை.

காலை 7.40
தெரிந்துவிட்டது. மேற்கே ஆற்றங்கரை உடைந்திருக்கிறது. வாசல் கேமராவில் தண்ணீர். வெளிக்கேட்டைத் திறக்க மேலாளர் தில்லைராஜனின் அனுமதி வேண்டும். நகரத்தில் இருக்கிறார். அழைத்தேன்.
"தொறக்காத. மாடெல்லாம் அடிச்சிட்டுப் போயிரும். படகுக்குச் சொல்லியிருக்கேன், வந்துரும்."

காலை 7.58
முழங்கால் அளவு. படகு வரவில்லை. மேலாளரின் தொடர்பு அறுந்துவிட்டது. செங்கமலம் கேட்டை உலுக்குகிறார்.
"தொறந்து வுடுடா தம்பி! கட்டிப்போட்டே கொல்லப் போறியா?"
சங்கிலிகளை விடுவித்தேன். கேட்டைத் திறந்தேன். இதைப் படிப்பவர் குறித்துக்கொள்ளவும்: திறந்தது நான். அவர் அல்ல.

காலை 8.10
ரயில் பாதை மட்டும்தான் மேடு. நடுவில் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாதபடி ஒரே வெள்ளம். வரைபடம் என்னிடம் இருக்கிறது. செங்கமலத்துக்கு நீந்தத் தெரியாது. முன்னால் போகும் மயிலை என்ற பசுவின் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மேய்ச்சலில் எல்லை தாண்டாமலிருக்க, கழுத்துப்பட்டை ஒலிக்கும் பக்கத்தை விட்டு விலகி நடக்க மாடுகளுக்குப் பழக்கம். அந்த ஒலியை வைத்தே இப்போது ஓட்டுகிறேன்.

காலை 8.22
மின்சாரம் போய்விட்டது. கொட்டகையில் இருக்கும் என் பெட்டி பேட்டரியில் ஓடுகிறது. மயிலையின் பட்டை வழியாகக் குரல்:
"காலு எட்டல தம்பி... இழுக்குது..."
காரி பின்தங்கிவிட்டாள். அவளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தேன். திரும்பவில்லை. அவளுடைய பட்டை கிழக்கே போகிறது. எந்த மாடும் அவ்வளவு வேகமாக நீந்தாது.

காலை 8.31
பேட்டரி நனைகிறது. கேட்கவும் ஒலிக்கவும் சேர்த்து முடியாது. கேட்பதை அணைத்தேன். மாடுகள் இருக்குமிடமும் இனித் தெரியாது. கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கணக்கிட்டுத் திருப்புகிறேன். அவர் அலறினாலும் எனக்குக் கேட்காது.

காலை 8.40
இடப்பக்கம் ஒலி. இடப்பக்கம். மறுபடி இடப்பக்கம். வாய்க்காலைத் தாண்டியிருக்க வேண்டும். கணக்கு தப்பியிருந்தால், அவரை ஆழத்துக்கு ஓட்டியதே நான்தான். இடப்பக்கம்.

நேரம் தெரியவில்லை
கடிகாரம் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் சக்தியில் இன்னும் கொஞ்சம் ஒலிக்கலாம். அல்லது ஒரே ஒரு முறை கேட்கலாம். ஒலித்துப் பயன் உண்டா என்று தெரியவில்லை. தெரியாமல் நிற்க முடியவில்லை.
கேட்கிறேன்.
ஜல்லிக்கல் மேல் குளம்புச் சத்தம். இருமல். மூச்சு வாங்குகிறது.
"ஏறிட்டோம்டா தம்பி... ஏறிட்டோம். காரியத்தான் காணல. ஏய், ஒன் சத்தத்தையே காணுமே? நீ எங்கடா இருக்..."
கேட்கிறது அக்கா. தண்ணீர் என் பெட்டிக்குள் வந்து