வக்புக் கிணற்றுக்குப் பூட்டு இல்லை

நீ எழுதிய முகாம் பதிவு மென்பொருளை விலைக்குக் கேட்டு போன வாரம் ஒரு கம்பனிக்காரர் என் கல்முனைக் கடைக்கு வந்தார். இனி அது அவர்களுக்கு மட்டுமே சொந்தமாக வேண்டுமாம். நீ இறந்து ஏழு மாதம். உன் மனைவி, "நீங்களே கதையுங்க காக்கா, வியாபாரம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று, அண்ணன் முறையில் என்னிடம் பொறுப்பை விட்டிருந்தார். வந்தவருடைய மடிக்கணினியில் நீ வரைந்த அதே பச்சைப் படிவத்தைக் கண்டதும், விலை பேசவே பிறந்த நான் விலையை விட்டு அதைப் படிக்கத் தொடங்கினேன்.

சுனாமிக்கு அடுத்த வாரம், பாண்டிருப்பு முகாமில் அதை எழுதத் தொடங்கினாய். உன் வீடும் போயிருந்தது. நுளம்பு கடிக்காமலிருக்க ஒரு குடும்பத்துக்கு மூன்று வலை, பக்கத்துக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. அதைப் பொறுக்காமல், யாருக்கு என்ன கிடைத்தது என்று பதிய என் கடைக் கணினியைக் கேட்டாய். தந்தேன், என் பங்கு அவ்வளவுதான். ஆனாலும் எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று வந்தபோது, பெரிய ஆள் போல் நான்தான் பேசினேன்.

"குடுத்தா சதகா மாதிரிக் குடு மச்சான். குடுத்த பொறகு நிபந்தனை போட்டா அது கொடையா?"

என் பேச்சைக் கேட்டு, எடுத்தவர் மூடிவைத்துக்கொள்ளவும் இடம்தரும் உரிமத்தைப் போட்டாய். அப்போது வேறொரு நிறுவனம் எடுத்தது. பெயரை எப்படி எழுதினாலும் ஆளைத் தேடித்தரும் வசதியைச் சேர்த்து, அதன் நிரலை வேறு யாரும் பார்க்கவோ திருத்தவோ முடியாதபடி பூட்டிவிட்டது. போர் முடிந்த ஆண்டில், பிரிந்த குடும்பங்களைத் தேடியவர்களுக்காக அந்த வசதியைக் கேட்டோம். நம்மிடமே விலை சொன்னார்கள். அவர்களில் பிழை இல்லை. நிபந்தனை வேண்டாம் என்றவன் நான்.

நீ குத்திக்காட்டவில்லை. தேநீரை ஊதிக்கொண்டே கேட்டாய்.

"சதகா வாங்கினவர் அத விக்கலாமா?"

"விக்கலாம். அவர்ர சொத்துத்தானே."

"வக்புக் கிணறு?"

"அது அல்லாஹ்வுக்கெண்டு விட்டது. தண்ணி ஆரும் அள்ளலாம். கிணத்த ஒருத்தரும் வளைச்சு அடைக்க ஏலா."

"அடப்பாவி! இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் அந்த இங்கிலீசு உரிமத்தப் படிச்சு மண்டைய உடைச்சிருக்க மாட்டனே."

தேடும் வசதியை நீயே புதிதாக எழுதினாய். அந்தப் பதிப்புக்கு உரிமத்தையும் மாற்றினாய்: யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம், ஆனால் கைமாற்றும்போது திருத்திய நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். சைக்கிளில் சாரன் மூட்டை கட்டி விற்று முன்னுக்கு வந்தவன் நான். ஆட்களை எடைபோடத் தெரியும். கூரை இல்லாமல் இருந்துகொண்டு ஊருக்குக் கிணறு வெட்டிய ஆள், நானறிய நீ ஒருவன்தான்.

கம்பனிக்காரர் சொன்ன தொகை பெரிது. மறைக்காமல் உன் மனைவியிடம் சொன்னேன். "அவர் எழுதி வச்சத மாத்த வேணாம் காக்கா. மிச்சத்த நீங்க பேசுங்க" என்றார்.

பேசினேன். அவர்கள் விற்கலாம், பராமரிப்புக்குக் காசும் வாங்கலாம். உரிமம் மாறாது. திருத்தங்கள் நிரலோடு வாங்குபவர் கைக்குப் போகும். புதிய ஊர்களில் பயிற்சி கொடுக்கும் வேலை உன் மனைவிக்கு, மாதச் சம்பளத்தோடு. கம்பனிக்காரர் ஒப்புக்கொண்டார், கையொப்பமும் ஆகிவிட்டது.