நன்றியுரை இந்த முறை உங்களுடையது

ஆசிரியர் சங்கச் செயலாளர் அவர்களுக்கு (அதாவது என் வீட்டுக்காரருக்கு),

நான் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அச்சகத்துக்காரர் அழைப்பிதழ் மாதிரியைக் கொண்டுவருவார். பார்த்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காதீர்கள். பெண் ஆசிரியர்களுக்கான தலைமைப் பயிற்சி, அதன் நிறைவு விழாவுக்குத் தலைமை நீங்கள், நன்றியுரை நான் என்று போட்டிருந்தீர்களே! முந்தாநாள் கேட்டதற்கு, "வழக்கமா அப்படித்தானம்மா, இதுல என்ன இருக்கு?" என்றீர்கள். ஒன்றும் இல்லைதான். அதனால்தான் நேற்று பயிற்சியில் எல்லோரும் கைதூக்கி, நம் இரண்டு பேர் பெயரையும் இடம் மாற்றிவிட்டோம்.

நன்றியுரை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மைக்செட்காரரை மறக்காதீர்கள், டீ கொடுத்தவரை மறக்காதீர்கள். கைதட்டலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
விழாத் தலைவர்

பி.கு.: ஒத்திகை வேண்டுமா? சாப்பிட்டு முடித்ததும் எனக்கு போன் செய்து, சமைத்தவருக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். முதல் தடவை இல்லையா, நாக்கு கொஞ்சம் குழறும். பரவாயில்லை.