பட்டன் அறுந்த சட்டை

ஏங்க, நல்ல தூக்கத்தில் இருக்கிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கண்ணுக்கு மருந்து விடப் பக்கத்து வீட்டு அக்கா வருவார்கள். கதவைத் தாழ் போட்டுவிடாதீர்கள்.

பழைய கம்பெனிக்கு இன்றும் போய்ப் பார்க்கிறேன். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி சலவைக் கூடம் புதுக் கம்பெனிக்குக் கைமாறியதிலிருந்து, "நீங்க இப்ப அவங்க ஆளும்மா" என்கிறார்கள் அங்கே. "போன மாசம்தானே சேர்ந்தீங்க" என்று புதுக் கம்பெனி கையை விரிக்கிறது. ஓய்வுபெறுகிறவர்களுக்கான மருத்துவ அட்டையை இரண்டு பேருமே தராமல் உங்கள் கண் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது.

ஓய்வுபெறப் போகிற நேரத்தில் புதுக் கம்பெனியின் சீருடைச் சட்டையை எதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினாய் என்று நேற்று கேட்டீர்கள். பழையதில் பட்டன் அறுந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கையெழுத்தே என்னைப் புது ஆளாக்கிவிடும் என்று எனக்கு எங்கே தெரியும்? கோபத்தில் நானும் வார்த்தையை விட்டுவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பின்குறிப்பு: குடை எடுக்கப் போனேன். நாற்காலியில் என் பழைய சட்டை, பட்டன் தைத்து மடித்து வைத்திருக்கிறது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஊசியில் எப்படி நூல் கோத்தீர்கள்?

கொஞ்சம் கோணல்தான். அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.