கோயிலில் வாசித்துவிட்ட சம்பளம்

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து, கடலோடு திரும்பிப் போய்விட்டது. இட்லி அரிசி ஊறப் போட்டாச்சு.

தட்டாஞ்சாவடி பிஸ்கட் கம்பெனியில் என்னை சூப்பர்வைசர் ஆக்கி இரண்டு மாதம். கூடுதல் சம்பளத்தைத் தொடவில்லை. பேங்கிலேயே கிடக்கிறது. வீட்டுக்காரர் லூர்துவிடம்கூட சொல்லவில்லை. தெரிந்தால் முதல் வேலையாக எனக்குப் பட்டுப்புடவை எடுப்பார். நல்ல மனுஷன். அதுதான் பயம்.

அவர் முதுகு. இருபது வருஷமாக ஆட்டோ. பாதி நாள்தான் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். மறுநாளே முழு நாளும் ஓட்டினார். எனக்கு ஏறின சம்பளமும் அவர் சாயங்கால சவாரியும் ஏறக்குறைய ஒன்று. அதைத் தொடாமல் ஆறு மாதம் வீடு ஓடுகிறதா பார்ப்போம். ஓடினால், அந்தச் சவாரிக் காசுக்கு இது ஈடாகும், சாயங்காலம் ஓட்டாதே என்று சொல்லிவிடலாம்.

ஒரு வேடிக்கை. சம்பளம் ஏறினதிலிருந்து என் செருப்பு பழசாகத் தெரிகிறது. போன மாசம்வரை நல்ல செருப்புதான். செருப்பு மாறவில்லை. அப்போ மாறினது எது?

ஆகஸ்ட் 9, சனி

கம்பெனியில் நூர்ஜகானுக்கும் என்னோடு சேர்த்துத்தான் சம்பளம் ஏறியது. அவள் பெரிய பிரிட்ஜ் எடுத்தாள். கரண்டு ஏறி இறங்குதென்று ஸ்டெபிலைசர். பிரிட்ஜுக்கு இடம் வேண்டுமென்று பீரோ கட்டில் பக்கம் போக, கட்டில் கூடத்துக்கு வர, இப்போது உழவர்கரையில் பெரிய வீடு தேடுகிறாள்.

“பிரிட்ஜுக்கு கரண்டு பில்லே ஒரு ஆளு சாப்பாடு ஆவுதுக்கா” என்றாள்.

“உள்ள இன்னா வெச்சிருக்கே?”

“தண்ணி பாட்டில்தான்.”

இருவரும் சிரித்ததில் ஒரு டப்பா லேபிள் ஒட்டாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புத்தி எங்கே போனதோ. சம்பளம் ஏறியதற்கு நன்றிப் பூசை வைக்கணும் என்று போன வாரம் மாதா கோயிலில் பணம் கட்டியிருந்தேன். பூசை எதற்காக, என்ன கருத்து என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். பூசைக்கு முன்னால் அதை மைக்கில் வாசிப்பார்கள் என்பது மறந்தே போனது. யார் பையனுக்கு பிரான்சு விசா, யாருக்குக் குழந்தை எல்லாம் அதைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்வேன்.

“ஜெசிந்தா லூர்து, சம்பள உயர்வுக்கு நன்றியாக.”

ஆண்கள் பக்கத்திலிருந்து லூர்து திரும்பிப் பார்த்தார். நான் மாதா சுரூபத்தைப் பார்த்தேன்.

வெளியே நாத்தனார் மேரி பிடித்துக்கொண்டாள். “இன்னா அண்ணி, ஆண்டவருக்கு மட்டும்தான் சொல்லுவீங்களா? இன்னும் பஸ்ல தொங்கறீங்களே, ஒரு ஸ்கூட்டி எடுக்கறது.”

திரும்பும்போது ஆட்டோவில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்றிலிருந்து நமக்குத் தேவை என்று பிறர் சொன்னவை: ஸ்கூட்டி, ஏசி, மாடுலர் கிச்சன், மேரி மகளுக்கு ஒரு கம்மல். ஒரே நாளில் எங்கிருந்து முளைத்தன? ஆச்சரியம்.

காபி வைத்தேன். லூர்து வாயைத் திறந்தார்.

“ரெண்டு மாசமா மறைச்சிருக்கே. நான் இன்னா, குடிக்கறவனா, சீட்டாடறவனா?”

“இல்ல. நீ வாங்கிக் குடுக்கற ஆளு. அதான்.”

எல்லாம் சொன்னேன். டாக்டர், முதுகு, சாயங்கால சவாரி.

“பொண்டாட்டி சம்பாதிச்சுப் போட, நான் படுத்துக்கணுமா? ஸ்டாண்டுல சிரிப்பானுங்க.”

“முதுகு உன்னுதா, ஸ்டாண்டுல இருக்கறவனுங்களுதா?”

காபியைக் குடிக்காமல் போனார். வழக்கம்போல முழு நாளும் ஓட்டினார்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். வாசலில் என் செருப்பைக் காணோம். பரணில் கிடந்த வேறு ஜோடியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் அதே செருப்பு, வார் தைத்து, அடியில் புது ரப்பர். அவர் வேலைதான். இன்னும் முழு நாளும்தான் ஓட்டுகிறார். ஆனால் புதுசு வாங்கி வரவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆகஸ்ட் 16, சனி

கடைசியில் மழை. வெங்காயம் தீர்ந்தது. அஞ்சு மணிக்கு ஆட்டோ வாசலில் நிற்கிறது. கூடத்தில் பாய் விரித்து அவர் படுத்திருக்கிறார்.

எதிர்வீட்டு கணேசன் குடையோடு வந்தான். “லூர்தண்ணே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரியா?”

“சாயங்காலம் ஓட்டறதில்லப்பா.”

“ஏண்ணே, ஒடம்பு சரியில்லையா?”

அடுப்பங்கரையில் குழாயை மூடிவிட்டு நின்றேன்.

“ஒடம்புக்கு இன்னா. எங்க வூட்ல சம்பளம் ஏறிடுச்சு.”