சீராக வந்த நஞ்சரிசி

என்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டிய என் அண்ணா,

முதலில் நம் பிள்ளைகளின் சேதி. பேரன் நவீன் கம்பெனியில் காண்ட்ராக்டில் கிடந்து இப்போது பெர்மனென்ட் ஆகிவிட்டான். சின்னப் பேத்தி கயல் கபடியில் கோப்பை வாங்கி வந்து டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறாள். பெரிய பேத்தி தேன்மொழி நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. இப்போது மாசமாக இருக்கிறாள், தலைப்பிள்ளை. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு வேறென்ன வேண்டும்?

இனி உன் மகன் சேதி. நீ கண்ணை மூடிய பிறகும் செல்வம் பொங்கல் சீரை நிறுத்தவில்லை. இந்த வருஷமும் கம்மாபுரத்திலிருந்து பெண்டாட்டி கோமதியோடு வந்து, எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு மூட்டை புது அரிசி இறக்கினான். அண்ணன் வீட்டு அரிசி என்று பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து உலை வைத்தேன்.

இலை போட்டதும் கோமதி, "எனக்குச் சோறு வேணாங்க அத்தே" என்றாள்.

"ஏண்டி, உன் வயல் நெல்லு உனக்கே கசக்குதா?"

"வெளிநாட்டுக்கு அனுப்பற வியாபாரி சோதிச்சுப் பாத்துட்டு மூட்டையெல்லாம் திருப்பிட்டாருங்க. நாங்க கடை அரிசிதான் துன்னுக்கினு இருக்கோம்."

செல்வம் முறைத்தான். தேன்மொழி விடவில்லை, சோதனையில் என்ன வந்தது என்று கேட்டாள். "ஆர்சனிக்கு, காட்மியம்னு என்னமோ" என்று முனகினான். அவள் இலையைத் தள்ளிவிட்டாள். "வருஷக்கணக்கா துன்னா கிட்னி, எலும்பு எல்லாம் போயிடும் ஆயா. புத்துநோய்கூட வரும். வயித்துப் புள்ளைக்கும் ஆகாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு இந்த ஆட்டமா? சீர் நிக்கக் கூடாதேன்னு கொண்டாந்தேன் அத்தே" என்றான் செல்வம்.

கேட்டாயா அண்ணா? வியாபாரி வேண்டாமென்றது உன் தங்கச்சிக்கு ஆகுமா? அந்த விஷம் தண்ணீரில் வந்ததோ உரத்தில் வந்ததோ, எனக்குத் தெரியாது. மண்ணில் போட்டது செல்வம் இல்லை. தெரிந்தே என் வாசலில் இறக்கியது அவன்தான். மீதியைக் குள்ளஞ்சாவடியில் ஒரு கடைக்கு விற்றுவிட்டானாம். அதைத் தின்பது யார் வீட்டுப் பிள்ளைகள்?

மூட்டையைத் திருப்பி ஏற்றச் சொன்னேன்.

"சீரைத் திருப்பினா உறவு அறுந்துடும் அத்தே."

"அறுந்து போவட்டும்டா. உங்கப்பன் குடுத்தது அவன் துன்ற அரிசி. நீ குடுக்கறது நீ துன்னாத அரிசி."

உன்மேல் சத்தியம் அண்ணா. அந்த வயல் அரிசி இனி என் உலையில் விழாது. நாளைக்கே நவீனோடு குள்ளஞ்சாவடிக் கடைக்குப் போய், இது விஷ அரிசி என்ற உண்மையைப் போட்டு உடைப்பேன்.

செல்வம், உன் அப்பா பேருக்கு வரும் இதை நீ பிரித்துப் படித்தால் உனக்கு ஒன்று. என்னிடம் இருக்கும் உன் அப்பாவின் படம் வெளுத்துப்போய்விட்டது. உன் வீட்டிலிருந்து இனி நான் வாங்கும் சீர் அது மட்டும்தான். புதிதாக ஒன்று பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. கையில் கொண்டு வராதே.

அண்ணன் இல்லாமலும் அண்ணனுக்குத் தங்கச்சியாகவே இருக்கிற
சரோஜா