நனையாத காலணிகள் அளந்த கரை

அனுப்புநர்:
பேக்கரி அடுப்பு வேலையாள்,
ஓடையோரத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
நீர்வழிப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: ஓடைக்கரைத் தாவரக் கணக்கெடுப்பு தவறான இடத்தில் நடந்தது – மறு அளவீடு முடியும்வரை கரையை வழிக்கும் பணியை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டுப் பின்னறை ஓடைக்கரையை ஒட்டி நிற்கிறது. கரையில் செடிகொடி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தங்கள் அறிக்கை சொல்வதால், இருப்பதையும் வழித்தெடுத்துவிட்டுச் சிமென்ட் பூச, வரும் வியாழனன்று இயந்திரம் வருவதாக அறிகிறோம். அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் எங்கள் முதல் குழந்தையை அந்த அறையில்தான் படுக்கவைக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

2. நான் இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் தூங்குபவன். சன்னலுக்கு வெளியே நாணல் ஆட, அதன் பச்சை வெளிச்சம் கூரையில் அசைய, மெத்தையோடு மிதந்து போவதுபோல் இருக்கும். கணக்கெடுப்பு நடந்த அன்றும் அப்படித்தான் மிதந்துகொண்டிருந்தேன். வெள்ளைத் தொப்பி அணிந்த இருவர், அளவு நாடாவும், தரையில் போட்டு உள்ளே அடங்கும் செடிகளைக் கணக்கிடும் சதுரச் சட்டமுமாக, வெயிலுக்குள்ளிருந்து மெல்ல வந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "ஷூ நனையாம முடிச்சிடலாம், மேலயே போடு" என்றார். சட்டம் விழுந்த இடமெல்லாம் நாங்கள் நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதை. பாதையில் புல் எப்படி இருக்கும் ஐயா?

3. இதைத் தங்கள் அலுவலகத்தில் முறையிட்டபோது எழுத்தர், "கனவு கண்டிருப்பீங்க, போய்த் தூங்குங்க சார்" என்றார். அரைத்தூக்கத்தில் பார்த்தேன் என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் கண்ணைக் கழுவிக்கொண்டு, சட்டத்துக்குப் பதிலாக ரொட்டி ஆறவைக்கும் கம்பித் தட்டோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். இடத்தை நாங்களே தேர்ந்தெடுத்ததாக இருக்கக் கூடாதென்று, என் மனைவி சன்னலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கூழாங்கற்களை எறிந்தார். கல் விழுந்த இடத்தில் தட்டை வைத்துப் பார்த்தேன். நீர்விளிம்பில் நாணலும் கோரையும் தட்டை நிறைத்துக்கொண்டு நின்றன. பாதையில் வெறும் மண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல் என் தலையில் விழுந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருவர் ஒரே நாளில் அளந்ததை நம்பிவிட முடியாது, நான் அளந்ததையும் சேர்த்துத்தான்.

4. போன மழையில், நாணலை வெட்டிச் சிமென்ட் பூசிய எதிர்க்கரை சரிந்தது. அங்கே தையல்காரர் வீட்டுச் சுவர், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, மெதுவாகத் தண்ணீரில் சாய்ந்தது. எங்கள் கரை அசையவில்லை. "இந்த நாணல் இல்லன்னா நாம இந்நேரம் கடல்ல குடித்தனம் நடத்திட்டு இருப்போம்" என்று என் மனைவி இப்போதும் சொல்வார்.

5. ஆகவே பணியை நிறுத்திவைத்து, நீர்விளிம்பிலிருந்து தொடங்கி, சீட்டுக் குலுக்கி எடுத்த இடங்களில், இருவர் ஒருவர் கணக்கை ஒருவர் பாராமல் அளக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நனைகிற காலணிகளைப் பேக்கரி அடுப்பருகே காயவைத்துத் தருவது என் பொறுப்பு. அப்போதும் வெற்றுக்கரை என்றே வந்தால் நான் வாய் திறக்கமாட்டேன்.

6. வியாழனன்று இயந்திரம் வந்தால், அதன் வழியில் நாற்காலி போட்டு உட்காரப்போவதாக என் மனைவி சொல்கிறார். இது மிரட்டல் அல்ல. சொன்னால் செய்பவர் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன். அது நான் தூங்கும் நேரம். இருந்தாலும், இரண்டு நாற்காலியாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பேக்கரி அடுப்பு வேலையாள்

இடம்: ஓடையோரத் தெரு
நாள்: திங்கட்கிழமை