காலிப் பைக்குத்தான் பரிசு

ஜூலை 2, வியாழன்

அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். அவர் ஆரம்பித்து வைத்த சனிக்கிழமைக் கடற்கரை வகுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டிவிட்டார். ஏழாம் வகுப்பைக் கூட்டிப்போய்க் குப்பை பொறுக்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது, மீனையும் ஆமையையும் என்ன பாடுபடுத்துகிறது என்று சொல்லித்தர வேண்டும். நான் விளையாட்டு வாத்தியார். ஆமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதை நூறு மீட்டருக்கு அனுப்ப முடியாது என்பதுதான்.

சனிக்கிழமைத் தூக்கம் போச்சு. ஆனால் என் மகளும் அதே வகுப்பு. செய்தி கேட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தாள். "அப்பா, சொதப்பிடாதீங்க. வாரத்துலயே எனக்கு அந்த ஒரு நாள்தான் பிடிக்கும்."

நான் ஏன் சொதப்பப் போகிறேன்?

ஜூலை 4, சனி

சொதப்பவில்லை. ஆனால் மகா மந்தம். ஆளுக்கொரு பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். ஒருவன் நண்டுக்கு வீடு கட்டினான். என் மகள் மட்டும் கடற்பாசி ஒதுங்கியிருந்த கோட்டோரம் குனிந்து, அரிசி அளவு பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்கினாள். "மீன் இதை இரைன்னு நெனச்சு முழுங்கிடும் சார்" என்றாள். பள்ளி நேரத்தில் நான் அவளுக்கு சார். வீட்டு வாசலைத் தாண்டினால்தான் அப்பா.

அடுத்த வாரம் ஒரு கை பார்க்கிறேன். மூன்று அணி, விசில், தராசு. எடை அதிகமான பைக்குக் கோப்பை!

ஜூலை 11, சனி

என்ன ஆட்டம்! விசில் ஊதியதும் பறந்தார்கள். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. 'சோடாபுட்டி' என்று வகுப்பே கூப்பிடும் பையனின் அணிதான் முதல். அவன் மூக்குக் கண்ணாடி நழுவ நழுவப் பையை இழுத்து வந்தான். கோப்பையை எடுத்து நீட்டியும்விட்டேன்.

அப்போது என் மகள், "வகை வகையா பிரிச்சுப் பாக்கணும் சார், அதுதானே பாடம்" என்று பையைக் கவிழ்த்தாள்.

வெங்காயத் தோல். முட்டை ஓடு. ஒரு பழைய தலையணை. கடலுக்குள் யார் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள்? இரண்டாவது அணியின் பையில் பாதிக்குப் பாதி ஈர மணல். பாவம், மூன்றாவது அணிதான் ஒழுங்காகப் பொறுக்கித் தோற்றிருக்கிறது.

ஜெயிப்பதற்காக வீட்டுக் குப்பையைக் கடற்கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது.

ஜூலை 13, திங்கள்

சோடாபுட்டியின் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். "எங்க வீட்டுத் தலகாணியும் போச்சு, குப்பை போடற வாளியும் போச்சு. இதுதான் படிப்பாங்க?" தலைமையாசிரியை என்னை நிற்க வைத்தே பேசினார். கடற்கரை வகுப்பு நிறுத்தம்.

மகளிடம் எப்படிச் சொல்ல? அதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. "உங்களுக்கு எல்லாமே ரேஸ்தானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆமா, ரேஸ்தான். வேற என்ன தெரியும் எனக்கு? சே.

ஜூலை 14, செவ்வாய்

சாப்பிடும்போது, "சார், தண்ணி ஜக்கை இப்படித் தள்ளுங்க" என்றாள். என் மனைவி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! நான் ஜக்கைத் தள்ளினேன்.

ஜூலை 16, வியாழன்

கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அப்பாவாகத்தான் கேட்டேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "ரேஸ் இருக்கட்டும்ப்பா. ஆனா தலைகீழா வைங்க. அணிக்கொரு எல்லை பிரிங்க. யார் எல்லையில குப்பை குறைச்சலோ அவங்கதான் ஜெயிச்சவங்க."

குறைச்சலாக எடுத்தவன் ஜெயிப்பதா? என் விளையாட்டு ரத்தம் கொதித்தது. யோசிக்க யோசிக்கத்தான் அதன் அருமை புரிந்தது. ஜெயிக்க வேண்டுமானால் வாரம் முழுக்கத் தன் எல்லையில் குப்பையே விழாமல் காக்க வேண்டும்.

தலைமையாசிரியையிடம் கெஞ்சி இரண்டு சனிக்கிழமை வாங்கினேன். "ரெண்டாவது வாரம் நானே வந்து பாப்பேன். பிடிக்கலேன்னா இதோட சரி."

ஜூலை 18, சனி

எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்தோம். கோடு போட்டு மூன்று எல்லை பிரித்தேன். அடுத்த சனிக்கிழமை எவர் பை இளைத்திருக்கிறதோ, அவருக்குக் கோப்பை.

ஜூலை 22, புதன்

ஐஸ் வண்டிக்காரர் வழியில் பிடித்துக்கொண்டார். "சார், உங்க பிள்ளைங்க தொல்லை தாங்கல. ஐஸ் வாங்கறவங்க குச்சியைத் தொட்டியில போடற வரைக்கும் பின்னாலயே போகுதுங்க." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வண்டியில் புதுத் தொட்டி கட்டியிருந்தார்.

ஜூலை 24, வெள்ளி

நாளை தலைமையாசிரியை வருகிறார். சாயங்காலம் எதற்கும் ஒரு நடை போய்ப் பார்ப்போம் என்று போனால், கரையெங்கும் குனிந்த தலைகள்! மூன்று அணியும்!

ஐயோ, ஒருத்தர் குப்பையை இன்னொருத்தர் எல்லையில் தள்ளுகிறார்களோ? படகுக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தேன். இல்லை. அவரவர் இடத்தை அவரவர் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சோடாபுட்டியின் அம்மாகூட வாளியோடு நின்றார். "தனியா போறேன்னான், விடுவேனா?"

என்னைக் கண்டதும் எல்லோர் முகமும் வெளிறியது. வகுப்பில் 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய பெண் முன்னால் வந்தாள். "முந்தின நாள் பொறுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்ல சார்."

வாஸ்தவம். சொல்லவில்லை. என் வாழ்நாளில் இத்தனை அழகான கள்ளாட்டத்தைப் பார்த்ததில்லை. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் எதையும் பாக்கல" என்று திரும்பிவிட்டேன். என் மகள் பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 25, சனி

தலைமையாசிரியை கையுறை, தொப்பி சகிதம் வந்து இறங்கினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். இரவில் கடல் ஒதுக்கிய கொஞ்சம் வலைக்கயிறும் ஓர் ஒற்றைச் செருப்பும்தான்.

"எங்க சார் குப்பை? பொறுக்க ஒண்ணுமே இல்லையே. இதுக்கா பஸ் விட்டேன்?"

திரும்பும்போது அவர் காலடியில் ஒரு பாட்டில் மூடி அகப்பட்டது. குனிந்து எடுத்தார். அவ்வளவுதான், மூன்று அணியும் ஒரே குரலில் அலறியது. "அது எங்க எல்லை இல்ல மேடம்!"

அவர் அந்த மூடியைத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. பிள்ளைகளைப் பார்த்தார், சுத்தமான மணலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அடுத்த சனிக்கிழமை எனக்கும் ஒரு எல்லை பிரிச்சுக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இருப்பதிலேயே கூட்டம் அதிகம் கூடுகிற இடம். தோற்றுப் பழகட்டும்.